உடற்பருமனும் தொற்று நோயும்: தலைப்புச் செய்தியை எவ்வாறு வாசிப்பது?



2021 மார்ச் மாதத் தொடக்கத்தில் உலக உடற்பருமன் சம்மேளனம் ஓர் அறிக்கையை வெளியிட்டது. அதுவரை கொவிட்-19 நோயினால் மரணித்தோராகப் பதிவான சுமார் 25 இலட்சம் பேரில் 22 இலட்சம் பேர், வளர்ந்தோரில் பாதிக்கு மேற்பட்டோர் மிகை எடை கொண்ட நாடுகளைச் சேர்ந்தவர்கள் என அது கூறியது. உலகெங்கும் ஊடகங்களில் இது பெருஞ் செய்தியாயிற்று. இத்தகைய செய்தியை அவசரமாக வாசிக்கும் ஒருவர், மரணித்த பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேர் பருமனானவர்கள் என்றே விளங்கிக்கொள்வார்.

அவ்வறிக்கை அப்படிக் கூறவில்லை. மரணித்தவர்களை எவரும் தராசில் நிறுத்தவில்லை. அவர்கள் வாழ்ந்த நாடுகளே கணக்கில் எடுக்கப்பட்டன. இங்கிலாந்தில் மரணித்த, எலும்பும் தோலுமான 85 வயது மூதாட்டி ஒருவரும் அந்த 22 இலட்சத்துள் அடங்குவார். மேலும், மிகை எடை மலிந்த நாடுகளுள் பல செல்வந்த நாடுகள். அங்கு முதியோர் அதிகம். பரிசோதனைகளும் மரணப் பதிவும் ஒழுங்காக நடைபெறுகின்றன. கொவிட் மரணத்தை நிர்ணயிப்பதில் வயதுக்கு நிகரான காரணி வேறில்லை என்பதையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

அப்படியாயின் இதனைப் பொய்ப் பிரசாரமென ஒதுக்கிவிடலாமா? அதுவும் தவறு. நாடுகளை விடுத்து நோயாளிகளையே நேரில் நோக்கிய ஆய்வுகள் பல உள்ளன. 2009 ஜூன் மாதம், எச்1என்1 இன்புளுவென்சா பரவிய வேளையில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் தீவிர சிகிச்சை பெற்ற 10 நோயாளிகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியாயிற்று. அவர்களுள் 9 பேர் உடற்பருமன் உடையோர். அவர்களிலும் 7 பேர் அதீத பருமன் உடையோர். பத்துப் பேர் என்பது சிறு தொகையே. எனினும் 2020 ஆகஸ்டில், பல நாட்டு கொவிட் ஆய்வுகளை ஒன்றுதிரட்டி நோக்கியபோதும் அதே திசையே தென்பட்டது. பருமனானோர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்படும் வாய்ப்பு 113 சதவீதமும், மரணிக்கும் வாய்ப்பு 48 சதவீதமும் அதிகமெனக் கணிக்கப்பட்டது.

113 சதவீதம் என்றதும் திகைத்துவிட வேண்டாம். நூறு பேரில் 4 பேர் அனுமதிக்கப்படும் நிலை இருக்குமாயின், அது ஏறக்குறைய 8 பேராகும் என்பதே இதன் பொருள். எஞ்சிய 92 பேர் வீட்டிலேயே குணமடைவர். இந்த அடிப்படை எண்ணைச் சொல்லாமல் சதவீதத்தை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிடுவது ஊடகங்களின் பழைய வழக்கம்.

காரணம் என்ன? வயிற்றில் திரளும் கொழுப்பு உதரவிதானத்தை மேல்நோக்கித் தள்ளுவதால், படுத்திருக்கும்போது நுரையீரலின் அடிப்பகுதி சரிவர விரிவதில்லை. கொழுப்பிழையமோ, அழற்சியைத் தூண்டும் பதார்த்தங்களைச் சுரந்தவண்ணம் இருக்கிறது. இவற்றோடு நீரிழிவும் சேர்ந்து இரத்தத்தில் சீனி உயருமாயின், கிருமிகளை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்களும் மந்தமடைகின்றன.

இது மேலைத்தேயத்தாரின் பிரச்சினை என நாம் இருந்துவிடவும் முடியாது. கிலோகிராமிலுள்ள எடையை, மீற்றரிலுள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறுவது உடற்திணிவுச் சுட்டி. 25இல் மிகை எடையும் 30இல் பருமனும் தொடங்குவதாகப் பொதுவில் கொள்வர். ஆனால் ஆசியர்களுக்கு ஆபத்து முன்னரே தலைகாட்டுவதால், உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர்கள் 2004இல் 23, 27.5 ஆகிய எல்லைகளைக் குறிப்பிட்டனர். 1.60 மீற்றர் உயரமுடைய ஒருவருக்கு 23 என்பது சுமார் 59 கிலோதான். நம் வீடுகளில் எத்தனை பேர் அதற்குக் கீழ் இருக்கின்றனர்?

செய்தியோடு வரும் படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்க இணையச் செய்திகளை ஆராய்ந்து 2011இல் வெளியான ஓர் ஆய்வின்படி, பருமனானோரைக் காட்டிய படங்களுள் 72 சதவீதமானவை அவர்களை இழிவுபடுத்தும் வகையிலேயே அமைந்திருந்தன. தலையை வெட்டி, வயிற்றை மட்டும் காட்டும் படங்கள் அவற்றுள் தாராளம். அதனைப் பார்த்து வளரும் பிள்ளை தன் உடலைக் குறித்துக் கூச்சமடைகிறது. பட்டப்பெயர் சூட்டும் சகபாடிகளும், விருந்தினர் முன் தட்டைப் பார்த்துப் பேசும் பெரியோரும் அதனை இரட்டிப்பாக்குகின்றனர். வெட்கப்பட்டவர் வைத்தியரிடம் செல்லத் தயங்குவார். கடும் தொற்றின்போது அத்தயக்கம் உயிரையே பறிக்கலாம்.

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு நிலையம், சுட்டி 40ஐ எட்டியோரை இன்புளுவென்சாவால் கூடுதல் ஆபத்துக்குள்ளாகக் கூடியோர் பட்டியலில் சேர்த்துள்ளது. முதியோரும் கர்ப்பிணிகளும் அதே பட்டியலில்தான் உள்ளனர். அத்தகையோருக்குக் காலத்தோடு தடுப்பூசி வழங்க வேண்டும், நோய் கண்டால் மருந்தைத் தாமதியாது தொடங்க வேண்டும் என்பதற்கே அந்தப் பட்டியல். ஆகவே, பருமனான பிள்ளையோ பெற்றோரோ காய்ச்சலோடு மூச்சு வாங்கினால் அன்றே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். எடையைப் பற்றிய பேச்சு, அவர் குணமடைந்து வீடு திரும்பிய பின்னர் இருக்கட்டும்.