கால்சியம்: சுண்ணாம்பு தந்த பெயர்

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு என எந்தப் பகுதியின் மருந்துக் கடைக்குச் சென்றாலும், முதியோர் கேட்டு வாங்கும் மாத்திரைகளில் கால்சியமும் ஒன்றாக இருக்கிறது. அதே தெருவின் வெற்றிலைக் கடையில் சிறு கிண்ணத்தில் சுண்ணாம்பு இருக்கும். பெயரின் வேரைத் தேடினால், முன்னதைப் பின்னதிடம்தான் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

இலத்தீன் மொழியில் 'கால்க்ஸ்' என்றால் சுண்ணாம்பு. 1808-இல் லண்டனில் ஹம்ப்ரி டேவி, ஈரச் சுண்ணாம்பையும் பாதரச ஆக்சைடையும் கலந்து மின்சாரம் செலுத்தி, அதிலிருந்து ஒரு புதிய உலோகத்தைப் பெற்றார். சோடியம், பொட்டாசியம் ஆகியவற்றுக்கு முந்தைய ஆண்டு பெயர் சூட்டிய அதே முறையில், 'கால்க்ஸ்' என்பதுடன் 'இயம்' என்னும் ஈற்றைச் சேர்த்துக் கால்சியம் என்றார். சுண்ணாம்பிலிருந்து கிடைத்த உலோகம் என்பதே அதன் பொருள். நம் வீடுகளில் வழங்கும் 'சுண்ணாம்புச் சத்து' என்ற தொடரும் இதையே சொல்கிறது.

'சுண்ணம்' என்ற நம் சொல்லுக்கும் நீண்ட வரலாறு உண்டு. பொடி எனப் பொருள்படும் 'சூர்ணம்' என்ற வடசொல்லோடு தொடர்புடையது அது. மாணிக்கவாசகரின் திருப்பொற்சுண்ணத்தில் அது நறுமணப் பொடியைக் குறிக்கிறது. சித்த மருத்துவத்தில் புடமிட்டு எடுக்கும் மருந்து வகை ஒன்றின் பெயராகிறது. ஐரோப்பிய இரசவாதிகளும் உலோகத்தைச் சுட்டபின் எஞ்சும் பொடியைக் 'கால்க்ஸ்' என்றே அழைத்தனர். தொடர்பற்ற இரு மரபுகளில் இரு சொற்களும் ஒரே திசையில் பொருள் விரிந்திருப்பது வியப்புக்குரியது.

இச்சொல் ஆங்கிலத்துக்கும் சென்றது. எண்ணூர், பழவேற்காடு உப்பங்கழிகளின் கிளிஞ்சல்களைச் சூளையில் சுட்டு, நீற்றி, நன்கு அரைத்துப் பூசி மெருகேற்றிய சென்னைச் சுவர்கள் பளிங்குபோல் மின்னின. ஆங்கிலேயர் அந்தப் பூச்சை 'மெட்ராஸ் சுனாம்' என்றனர். 1886-இல் வெளியான 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதியில் 'சுனாம்' இடம்பெற்றுள்ளது. கிளிஞ்சல் என்பது கால்சியம் கார்பனேட். சுடும்போது அதிலுள்ள கரியமில வாயு வெளியேறுகிறது. பூசிய சுவர் காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல ஈர்த்து, மீண்டும் கால்சியம் கார்பனேட்டாகி இறுகுகிறது.

'கால்க்ஸ்' என்பதைத் தமிழ்க் 'கல்' என்று வாதிட ஆசை எழலாம். ஒலி ஒற்றுமை மட்டுமே சான்றாகாது. கூழாங்கல்லைக் குறிக்கும் 'காலிக்ஸ்' என்ற கிரேக்கச் சொல்லே அதன் மூலம் என்பர் மொழியறிஞர். சிறுகல் எனப் பொருள்படும் 'கால்குலஸ்' அதிலிருந்து கிளைத்தது. உரோமானியர் சிறுகற்களை நகர்த்திக் கணக்கிட்டதால், ஆங்கிலத்தில் கணக்கிடுதலைக் குறிக்கும் 'கால்குலேட்' பிறந்தது. பொருளியல் கற்பித்த எனக்கு, என் தொழிலின் அடிப்படைச் சொல்லும் சுண்ணாம்பின் உறவு என்பதில் தனி மகிழ்ச்சி.

ஆனால், சொல்லுறவு பொருளுறவாகிவிடாது. சிறுநீரக ஸ்கேன் அறிக்கையில் 'கால்குலஸ்' என்று கண்டதும், அதைக் கால்சியம் என்றே எடுத்துக்கொண்டு பாலையும் கேழ்வரகையும் அறவே விட்டுவிடும் முதியோரை நான் அறிவேன். அங்கே அச்சொல்லுக்குக் கல் என்பது மட்டுமே பொருள். அத்தகைய கற்களில் பெரும்பாலானவற்றில் கால்சியம் உண்டு. யூரிக் அமிலக் கல்லில் இல்லை. மேலும், உணவிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிணைத்து வெளியேற்றுகிறது. ஆகவே, அதை அளவுமீறிக் குறைத்தால் கல் உருவாகும் வாய்ப்பு கூடலாம். உடலின் கால்சியத்தில் ஏறக்குறைய 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. மருத்துவரைக் கேளாமல் அந்த உணவுகளைக் கைவிடுவது எலும்புக்கும் கேடு.

நம் பாடநூல்கள் தனிமங்களின் குறியீட்டையும் அணு எண்ணையும் மனப்பாடம் செய்ய வைக்கின்றன. பெயரின் பொருளை ஒரு வரியில் சேர்த்தால் என்ன? கால்சியம் என்றால் சுண்ணாம்பு உலோகம் என்று அறிந்த மாணவருக்கு அச்சொல் அந்நியமாக இராது. அவர் வளர்ந்து ஒருநாள் வீட்டுப் பெரியவரின் ஸ்கேன் அறிக்கையைப் படிக்க நேர்ந்தால், கால்குலஸையும் கால்சியத்தையும் குழப்பிக்கொள்ளவும் மாட்டார்.