பனிக்கட்டி இயந்திரம்

மேசைமேல் வைக்கும் சிறு இயந்திரம் சுமார் 10 நிமிடத்தில் பனிக்கட்டி தருவது எப்படி?

அதன் நீர்த்தட்டில் விரல் போன்ற உலோகக் குழாய்கள் அமிழ்ந்திருக்கும். அவற்றினுள் குளிர்பதனத் திரவம் ஆவியாகி, நீரின் வெப்பத்தைக் கவர்கிறது. 0 டிகிரி செல்சியசிலுள்ள ஒரு கிராம் நீர் உறைய, சுமார் 80 கலோரி வெப்பத்தை இழக்கவேண்டும். அவ்வெப்பத்தை விசிறி வெளியே தள்ளுகிறது. ஆகவே இயந்திரத்தைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள்.

குழாய்களைச் சுற்றிப் பனி படிந்ததும் ஒரு வால்வு திறக்கிறது. அழுத்தியில் சூடேறிய வாயு குழாய்களுள் பாய, பனிக்கட்டிகள் நழுவிக் கூடையைச் சேருகின்றன. கூடைக்குக் குளிரூட்டல் இல்லை, விரைவில் எடுத்துவிடுங்கள்.

உறைவதால் கிருமிகள் எல்லாம் மடிவதில்லை என்பதை மறவாதீர்கள். கொதித்து ஆறிய நீரையே ஊற்றுங்கள். எஞ்சியதை அன்றே கொட்டிவிடுங்கள்.