கோப்பையும் காபிக் கோப்பையும்

அம்மணிகளே, ஒரு நிமிஷம் கற்பனை செய்து பாருங்கள். நீங்கள் உங்கள் நாட்டுக்காகக் கால்பந்து ஆடப் போகிறீர்கள். ஐரோப்பாவின் நல்ல நல்ல கோஷ்டிகளையெல்லாம் தோற்கடித்து, கண்டத்துக்கே முதல்வராகி, வெற்றிக் கோப்பையுடன் திரும்புகிறீர்கள். கால்பந்துச் சம்மேளனம் உங்களுக்கு என்ன வெகுமதி கொடுக்கும்? பொற்கிழியா? வீடா? ஒரு மோட்டார் காராவது கிடைக்காதா?

மேற்கு ஜெர்மனியின் வீராங்கனைகளுக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? ஆளுக்கு ஒரு காபி செட்! பூப்போட்ட பீங்கான் கோப்பைகள், தட்டுகள், சாஸர்கள்!

இது பாட்டி காலத்துக் கதை அல்ல, 1989-ல் நடந்தது. ஜூலை 2-ந் தேதி ஆஸ்னாப்ரூக் என்ற ஊரில் நடந்த ஐரோப்பிய இறுதிப் பந்தயத்தில், மேற்கு ஜெர்மானியப் பெண்கள் நார்வேயை 4-1 என்று தோற்கடித்தார்கள். இருபதாயிரம் பேருக்கு மேல் கூடி ஆரவாரம் செய்தார்கள். அதற்குச் சில நாள் முன்பு இத்தாலியுடன் நடந்த அரையிறுதியில் கோல் காவலர் மரியோன் இஸ்பெர்ட் மூன்று பெனால்டிகளைத் தடுத்ததோடு, வெற்றிக்கான கடைசி பெனால்டியைத் தாமே உதைத்து உள்ளே போட்டார். நாடே டெலிவிஷனில் அதைப் பார்த்தது. இவ்வளவுக்கும் பரிசு, காபி செட்!

மறு வருஷம், 1990 ஜூலையில், அதே நாட்டு ஆண்கள் ரோம் நகரில் உலகக் கோப்பையை ஜெயித்தார்கள். அவர்களுக்கு ஆளுக்கு 1,25,000 மார்க் ரொக்கம். நல்ல வேளை, அவர்களுக்கும் காபி செட் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்காதீர்கள்!

ஆனால் நான் சொல்ல வந்தது காபி செட்டைப் பற்றி அல்ல. அதைவிடப் பெரிய பரிசு ஒன்று அந்தப் பெண்களுக்கு 1990 செப்டம்பரில் கிடைத்தது. அது தங்கமும் இல்லை, வெள்ளியும் இல்லை. ஒரு காகிதம், எந்த ஞாயிற்றுக்கிழமை எந்த ஊரில் யாருடன் யார் ஆட வேண்டும் என்று எழுதிய ஆட்ட அட்டவணை. அந்தக் காகிதத்துக்காக அவர்கள் எத்தனை காலம் காத்திருந்தார்கள் என்பதைக் கேளுங்கள்.

கல்லடி பட்ட கன்னியர்

1930-ம் வருஷம். பிராங்க்பர்ட் நகரில் இறைச்சிக் கடைக்காரர் ஒருவரின் மகள் லோட்டே ஷ்பெக்ட். இருபது வயது கூட நிரம்பவில்லை. “கால்பந்து ஆட விருப்பமுள்ள பெண்கள் வாருங்கள்” என்ற கருத்தில் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். பெண்கள் வந்தார்கள், சங்கமும் பிறந்தது. கூடவே வந்தது வேடிக்கை பார்க்கும் கூட்டம். அது சிரித்தது, ஏசியது, கல்லையும் எறிந்தது. எதிர்த்து ஆட வேறு பெண்கள் சங்கமே இல்லை. ஒரே வருஷத்தில் சங்கம் கலைந்து போயிற்று.

1954-ல் மேற்கு ஜெர்மனி ஆண்கள் உலகக் கோப்பையை வென்றபோது யுத்தத்தில் நொந்து போயிருந்த தேசமே எழுந்து ஆடிற்று. அண்ணன் தம்பிகள் ஆடும்போது அக்கா தங்கைகளுக்கு மட்டும் கால் சும்மா இருக்குமா? ஊருக்கு ஊர் பெண்களும் பந்தை உதைக்க ஆரம்பித்தார்கள்.

பெரியவர்களுக்குப் பொறுக்கவில்லை. 1955 ஜூலை 30-ந் தேதி ஜெர்மன் கால்பந்துச் சம்மேளனம் கூடி ஒரு தீர்மானம் போட்டது. எந்தச் சங்கமும் பெண்கள் பிரிவு வைத்துக்கொள்ளக் கூடாது. பெண்களுக்கு மைதானம் கொடுக்கக் கூடாது. நடுவர்களும் போகக் கூடாது. காரணம்? பந்துக்காக முட்டி மோதும்போது பெண்மையின் நளினம் போய்விடுமாம். உடலும் உள்ளமும் கெட்டுவிடுமாம். பார்க்கவும் அடக்கமாக இராதாம்! தீர்மானம் போட்டவர்கள் எல்லாரும் ஆண்கள் என்பதைத் தனியே சொல்ல வேண்டுமா?

மூட்டை சுமக்கும்போதும், யுத்தத்தில் இடிந்த வீடுகளின் செங்கல்லைப் பொறுக்கி அடுக்கும்போதும் கெடாத உடம்பு, பந்தை உதைத்தால் மட்டும் கெட்டுவிடுமா?

பெண்கள் சும்மா இருக்கவில்லை. சம்மேளனத்தின் கைக்கு எட்டாத மைதானங்களைத் தேடிப் பிடித்தார்கள். 1956-ல் எஸ்ஸென் நகரில் ஹாலந்துப் பெண்களுடன் அவர்கள் ஆடியபோது 18,000 பேர் பார்க்க வந்தார்கள். அடுத்த வருஷம் ம்யூனிக் நகரசபை தன் சொந்த மைதானத்தையே திறந்துவிட்டது. பார்க்க ஆள் இருந்தது. ஆடவும் ஆள் இருந்தது. இல்லாதது ஒன்றுதான்: அனுமதி.

ஆண்களுக்கு வந்த லீக்

இதற்கிடையே 1963 ஆகஸ்ட் 24-ந் தேதி ஆண்களுக்கு ‘புண்டஸ்லிகா’ தொடங்கிற்று. தேசிய லீக் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை தேசம் தழுவிய ஒரே முதல் பிரிவு கிடையாது. பகுதிக்குப் பகுதி தனித்தனிப் போட்டிகள் நடத்தி, கடைசியில் வென்றவர்களை மோதவிடுவார்கள். இனி அப்படி இல்லை. பொறுக்கி எடுத்த 16 சங்கங்கள், ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொன்றோடும் இரண்டு முறை ஆட வேண்டும். பலசாலிக்கு வாரந்தோறும் இன்னொரு பலசாலியே எதிரி. ஆட்டத்தின் தரம் உயராமல் என்ன செய்யும்?

அந்த முதல் பருவத்தில் கொலோன் சங்கம் வாகை சூடியது. அப்போது பெண்களுக்கோ ஆடவே தடை!

1970 அக்டோபர் 31-ந் தேதிதான் தடை நீங்கியது. அதிலும் எத்தனை நிபந்தனைகள்! குளிர்காலம் முழுதும் ஆடக் கூடாது. பூட்ஸில் ஆணிக் குமிழ் கூடாது. பந்து சின்னதாக இருக்க வேண்டும். ஆட்ட நேரமும் குறைவு. 1974-ல் பெண்களுக்கு முதல் சாம்பியன் பட்டப் போட்டி நடந்தது. வொர்ஸ்டாட் என்ற ஊர்ப் பெண்கள் ஜெயித்தார்கள். அந்தச் சங்கத்தின் பெர்பெல் வோல்லேபன் போட்ட ஒரு கோலை டெலிவிஷன் ரசிகர்கள் ‘மாதத்தின் சிறந்த கோல்’ என்று தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் கௌரவம் ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது அதுதான் முதல் தடவை.

1981-ல் தைவானிலிருந்து சர்வதேசப் போட்டிக்கு அழைப்பு வந்தது. அனுப்பத் தேசியக் கோஷ்டியே கிடையாது! பெர்கிஷ் கிளாட்பாக் என்ற ஊர்ச் சங்கத்துப் பெண்கள் தாங்களே பணம் திரட்டிக்கொண்டு கிளம்பினார்கள். முதல் பரிசையும் வாங்கி வந்தார்கள். அதன் பிறகு, 1982-ல்தான் தேசியக் கோஷ்டி ஒன்று அமைந்தது.

ஆனாலும் ஒரு குறை தீரவில்லை. வாரா வாரம் பக்கத்து ஊர்க் கோஷ்டியோடு ஆடி, பதினைந்து கோல், இருபது கோல் என்று போட்டுக்கொண்டிருந்தால் யாருக்கு என்ன லாபம்? ஜெயிப்பவளும் தேற மாட்டாள். தோற்பவளும் தேற மாட்டாள். சமமான எதிரி கிடைப்பதே வருஷத்தில் சில நாள்தான். அவர்களுக்கு வேண்டியது லீக்.

முதல் பருவம்

வந்தது 1990-91. பெண்களின் முதல் புண்டஸ்லிகா! மொத்தம் 20 சங்கங்கள். வடக்கில் 10, தெற்கில் 10. ஒவ்வொன்றுக்கும் 18 ஆட்டங்கள். ஒவ்வொரு பிரிவிலும் முதல் இரண்டு இடம் பெற்றவர்கள் அரையிறுதிக்குப் போகலாம். தேசம் முழுவதற்கும் ஒரே லீக்காக நடத்தாமல் ஏன் இரண்டாகப் பிரித்தார்கள் என்கிறீர்களா? தூரம் போய்வரப் பணம் வேண்டாமா? இவர்கள் சம்பளத்துக்கு ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர்கள் அல்ல. பகலில் வேலைக்கோ படிப்புக்கோ போய்விட்டு, மாலையில் பயிற்சிக்கு ஓடி வருகிறவர்கள். வடக்கே ஸீகன் சங்கத்தின் நட்சத்திரம் ஸில்வியா நைட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இறைச்சிக் கடை விற்பனை வேலை பழகியவர். பிறகு பூ மொத்த வியாபாரத்தில் வேலை பார்த்தவர்.

பெரிய நகரத்துச் சங்கங்கள்தான் முன்னே நின்றன என்று எண்ணிவிடாதீர்கள். தெற்கே திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே நீடர்கிர்கென் என்று ஒரு சிற்றூர். அந்த ஊர்க் கோஷ்டியில் ஹைடி மோர் என்ற பெண் இருந்தார். முதல் பருவத்தில் அவர் போட்ட கோல்கள் 36! லீக்கிலேயே அதிகம் அவருடையதுதான். வலது கால், இடது கால் என்று அவருக்குப் பேதமே கிடையாது.

பருவம் தொடங்கிச் சில வாரங்களில், அக்டோபர் 3-ந் தேதி, இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றாயின. கிழக்கு ஜெர்மனியில் பெண்கள் ஆடத் தடை இருந்ததில்லை. ஆனால் ஆதரவும் அதிகம் இருந்ததில்லை. அங்கே தேசியக் கோஷ்டி அமைத்து ஆடிய சர்வதேச ஆட்டம் ஒன்றே ஒன்று. 1990 மே 9-ந் தேதி செக்கோஸ்லோவாக்கியாவிடம் 0-3 என்று தோற்றார்கள். அடுத்த ஆட்டம் வருமுன் தேசமே மறைந்துவிட்டது! அடுத்த பருவத்திலேயே கிழக்கிலிருந்து யேனா, ஆவே ஆகிய ஊர்களின் பெண்களும் இந்த லீக்கில் சேர்ந்துகொண்டார்கள்.

1991 ஜூனில் இறுதிப் பந்தயம். தெற்கின் பிராங்க்பர்ட் சங்கத்தை ஸீகன் வென்று, லீக்கின் முதல் சாம்பியன் ஆயிற்று. லோட்டே ஷ்பெக்ட் கல்லடி பட்ட அதே பிராங்க்பர்ட்! அறுபது வருஷத்துக்குப் பிறகு அந்த ஊர்ப் பெண்கள் இறுதி ஆட்டம் ஆடினார்கள். ஒருவரும் கல் எறியவில்லை.

லீக் தந்த பலன்

அடுத்த மாதமே டென்மார்க்கில் ஐரோப்பியப் போட்டி. ஜெர்மனி மறுபடியும் நார்வேயைத் தோற்கடித்தது. இறுதி ஆட்டத்தில் ஜெர்மனி போட்ட மூன்று கோல்களில் இரண்டு ஹைடி மோருடையது. மூன்றாவது ஸில்வியா நைட்டுடையது. இருவரும் லீக்கில் வாரந்தோறும் சாணை பிடிக்கப்பட்ட கத்திகள் அல்லவா?

1997-ல் வடக்கு, தெற்கு என்ற பிரிவினை போய் 12 சங்கங்கள் கொண்ட ஒரே லீக் ஆயிற்று. 2003-ல் ஜெர்மன் பெண்கள் உலகக் கோப்பையை வென்றார்கள். 2007-ல் மீண்டும் வென்றபோது அந்தப் போட்டி முழுவதிலும் அவர்கள் ஒரு கோல் கூட வாங்கவில்லை. அப்போது அவர்களுக்குப் பயிற்சியாளர் யார்? நம் பூ வியாபாரத்து ஸில்வியா நைட்தான்! 2016-ல் ஒலிம்பிக் தங்கமும் அவர் பயிற்சியில்தான் வந்தது. 2023 ஏப்ரலில் கொலோன் நகரில் ஒரு பெண்கள் லீக் ஆட்டத்தைப் பார்க்க 38,365 பேர் வந்தார்கள். 2025-26 பருவத்தில் லீக் 14 சங்கங்களாக வளர்ந்தது.

ஹைடி மோர் 2019-ல், 51 வயதிலேயே, காலமாகிவிட்டார். அவர் சம்பாதித்தது சொற்பம். ஆனால் இன்று ஆட வரும் சிறுமி ஒருத்தி, “எங்களுக்கு அடுத்த ஆட்டம் எப்போது?” என்று கேட்டால், அட்டவணையைக் காட்ட முடிகிறது.

இதில் நமக்கு என்ன என்கிறீர்களா? உங்கள் பெண் பாட்டோ, பந்தோ, சதுரங்கமோ எதையாவது ஆசையோடு கற்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரிசு வாங்கிய அன்று தட்டிக் கொடுக்க எல்லாரும் வருவார்கள். ஆனால் செவ்வாய்க்கிழமை மாலை பயிற்சிக்கு நேரம் ஒதுக்கி, அந்த நேரத்தில் வேறு வேலை ஏவாமல் இருப்பது யார்? முதலில் அவளுக்கு அந்த மாலையைக் கொடுங்கள். கோப்பை வரும்போது வரட்டும்.