இயந்திரம் வாங்குமுன் வழியைக் கணக்கிடுங்கள்

நமது வியாபாரிகள் ஓர் ஆலை போட நினைத்தால் முதலில் விசாரிப்பது இயந்திரத்தின் விலையைத்தான். எத்தனை குதிரைவலு, மணிக்கு எத்தனை மூட்டை அரைக்கும் என்றெல்லாம் கேட்பார்கள். மூலப்பொருள் எந்த வழியால் வந்து சேரும், செய்த பொருள் எந்த வழியால் வெளியேறும், மிச்சமாக விழுவது எங்கே போகும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. இந்த வாரம் அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். இந்த விடயத்தை எனக்குத் தெளிவாகக் காட்டியது ஒரு கணினி விளையாட்டு என்று சொன்னால் சிலர் சிரிக்கக்கூடும். சற்றுப் பொறுமையோடு வாசியுங்கள்.

அந்த விளையாட்டின் பெயர் ஃபெக்டோரியோ. செக் நாட்டின் பிராக் நகரில் உருவாக்கப்பட்டு, 2020 ஓகஸ்டில் முழு வடிவில் வெளிவந்தது. எனது மகன் அதை விளையாடும்போது அருகில் இருந்து கவனித்திருக்கிறேன். ஆளில்லாத ஒரு கிரகத்தில் தனியாக விடப்பட்ட மனிதன், மண்ணைத் தோண்டி இரும்பும் செம்பும் எடுத்து, உருக்கி, இயந்திரம் செய்து, கடைசியில் ஒரு ரொக்கெட்டை அனுப்ப வேண்டும். இதுதான் கதை. ஆனால் ஆட்டம் முழுவதும் கணக்குத்தான்.

ஓர் உதாரணம். அதில் சாதாரணப் பட்டி ஒன்று வினாடிக்கு 15 பொருட்களைக் கொண்டு செல்லும். கல் உலை ஒன்று ஓர் இரும்புத் தகடு செய்ய 3.2 வினாடி எடுக்கும். அப்படியானால் 48 உலைகள் சேர்ந்து ஒரு பட்டியை நிரப்பிவிடும். 49ஆவது உலையை வைத்தாலும் ஒரு தகடுகூட அதிகமாகக் கிடைக்காது. பட்டியில் இடம் இல்லை. உலைக்குப் போட்ட காசு முடங்கிக் கிடக்கும்.

மண்ணை ஏற்றுவதா, தகட்டை ஏற்றுவதா?

சுரங்கம் தூரமானால் புகையிரதம் தேவைப்படுகிறது. அந்த விளையாட்டில் ஒரு பெட்டிக்கு 40 அறைகள். ஓர் அறையில் இரும்பு மண் 50 அடங்கும், உருக்கிய தகடு என்றால் 100 அடங்கும். ஒரு மண்ணுக்கு ஒரு தகடு. ஆகவே சுரங்கத்திலேயே உருக்கி அனுப்பினால் பாதிப் பெட்டிகள் போதும். ஆனால் உலையையும் எரிபொருளையும் அங்கே கொண்டுபோக வேண்டும். எது இலாபம் என்பதை விளையாடுபவர் கணக்குப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும்.

பாதை பல துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு துண்டில் ஒரு வண்டிதான் நிற்கலாம். உண்மையான புகையிரதப் பாதையிலும் இதுவே விதி. சந்தியைக் கடந்து வெளியேற இடமிருந்தால் மட்டுமே வண்டி சந்திக்குள் நுழைய வேண்டும். இடமில்லாமல் நுழைந்த ஒரு வண்டி நான்கு பக்கத்து வண்டிகளையும் மறித்துவிடும். அதேபோல ஒரு நிலையத்துக்கு எத்தனை வண்டி வரலாம் என்று வரையறை வைக்கலாம். இறக்கும் இடம் நிறைந்திருந்தால் வண்டியை அழைக்கவே கூடாது. ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் தனது தொழிற்சாலைகளில் அட்டை முறை கொண்டுவந்ததும் இந்த நோக்கத்துக்குத்தான். அடுத்த கட்டம் கேட்டால் மட்டுமே முந்திய கட்டம் செய்து கொடுக்கும்.

பரந்தன் சொல்லும் பாடம்

இவை விளையாட்டுக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். எங்கள் கண்டாவளைப் பிரதேசத்துக்குள்ளேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. ஏ-9 வீதியால் பரந்தனில் இருந்து ஆனையிறவுப் பக்கம் போகிறவர்கள் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை இருந்த இடத்தைப் பார்த்திருப்பீர்கள். 1950களில் அரசாங்கம் தொடங்கிய தொழிற்சாலை அது. மூலப்பொருள் சில மைல் தூரத்தில் உள்ள ஆனையிறவு உப்பு. பக்கத்திலேயே வீதியும் வடக்குப் புகையிரதப் பாதையும். பாரமான மூலப்பொருள் கிட்ட இருந்து வர, பெறுமதி கூடிய பொருள் தூரம் போகிறது. இடம் தெரிவு செய்தவர்கள் கணக்குத் தெரிந்தவர்கள்.

உப்புக் கரைசலுக்குள் மின்சாரம் செலுத்தினால் கோஸ்டிக் சோடாவும் குளோரீனும் ஐதரசனும் பிரிகின்றன. ஒரு தொன் கோஸ்டிக் சோடாவுக்கு ஏறத்தாழ ஒன்றரைத் தொன் உப்புத் தேவை. கூடவே ஏறத்தாழ 890 கிலோ குளோரீனும் 25 கிலோ ஐதரசனும் வந்தே தீரும். கோஸ்டிக் சோடா சவர்க்காரத்துக்கும் கடதாசிக்கும் போகும். குளோரீன் குடிநீரைச் சுத்தம் செய்யப் போகும். "எனக்குக் கோஸ்டிக் சோடா மட்டும் போதும்" என்று எந்த முதலாளியும் சொல்ல முடியாது. குளோரீன் நச்சு வாயு, அதைத் திறந்துவிட இயலாது. குளோரீனை வாங்க ஆள் இல்லாமல் தாங்கி நிறைந்தால் கோஸ்டிக் சோடாவையும் நிறுத்தத்தான் வேண்டும். விளையாட்டில் எண்ணெய் சுத்திகரிக்கும் இடத்திலும் இதே சிக்கல்தான். மூன்று வகை எண்ணெய் வரும், ஒன்றின் தாங்கி நிறைந்தால் மூன்றும் நின்றுவிடும்.

போர்ச் சூழலால் 1985இல் பரந்தனில் உற்பத்தி நின்றது. 1990இல் வவுனியாவுக்கு வடக்கே புகையிரதமும் நின்றது. நாட்டுக்குக் குளோரீன் தேவை மட்டும் நிற்கவில்லை. பரந்தன் பெயரிலேயே அந்த நிறுவனம் வெளிநாட்டுக் குளோரீனை இறக்குமதி செய்து விற்க நேர்ந்தது. உப்பு இருந்தது, வாங்குபவரும் இருந்தார், இரண்டையும் இணைக்கும் சங்கிலிதான் அறுந்து போனது. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி வரைக்கும், 2014 மார்ச்சில் பரந்தனைக் கடந்து பளை வரைக்கும், அதே ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரைக்கும் புகையிரதம் திரும்பி வந்தது. தண்டவாளம் வந்தவுடன் தொழிற்சாலை தானாக எழுந்துவிடவில்லை. சங்கிலியில் ஒரு வளையத்தை மட்டும் சீர்செய்தால் போதாது.

நெல்லுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள்

இன்று இரணைமடுத் தண்ணீரில் விளையும் நெல் லொறி லொறியாகத் தெற்கே போய், அரிசியாகப் பொதி கட்டப்பட்டு நமது கடைகளுக்குத் திரும்பி வருவதை நாம் காண்கிறோம். நூறு கிலோ நெல்லில் ஏறத்தாழ 65 கிலோ அரிசி, 20 கிலோ உமி, மீதி தவிடும் கழிவும். நூறு மூட்டை நெல் ஏற்றும் லொறிக்காரருக்கு இருபது மூட்டை உமிக்கும் நாம் கூலி கொடுக்கிறோம். சுரங்கத்து மண்ணைப் பெட்டியில் ஏற்றியவரின் கதைதான் இது.

அதனால் இங்கேயே ஆலை போட வேண்டும் என்று பல நண்பர்கள் என்னிடம் சொல்கிறார்கள். நல்ல எண்ணம். ஆனால் இடுக்கு எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். காலபோக அறுவடையை இயந்திரங்கள் சில வாரங்களில் முடித்துவிடுகின்றன. ஈர நெல் ஒரேயடியாக வந்து குவிகிறது. களஞ்சியத்தில் வைக்க ஈரப்பதம் 14 சதவீதமளவுக்கு இறங்க வேண்டும். காய வைக்க இடமில்லாமல் முல்லைத்தீவு வீதியோரத்தில் நெல் பரவிக் கிடப்பதை எல்லோரும் பார்க்கிறோம்.

கணக்குக்காக ஒரு பேச்சு. உங்கள் ஆலை நாளொன்றுக்கு 8 தொன் அரைக்கும், உங்கள் உலர்த்தும் களம் நாளொன்றுக்கு 2 தொன்தான் காயவைக்கும் என்று வையுங்கள். கிடைப்பது 2 தொன் வேலைதான். 8 தொன் ஆலையை விற்று 16 தொன் ஆலை வாங்கினாலும் அதே 2 தொன்தான், வங்கித் தவணை மட்டும் கூடும். அந்தக் காசில் இன்னொரு களமோ, உலர்த்தும் இயந்திரமோ போட்டால் இருக்கும் ஆலையே போதும்.

அடுத்தது மிச்சப் பொருள். தவிடு சில நாட்களில் கெட்டு மணக்கத் தொடங்கும். மாட்டுத் தீவனக்காரருடன் முதலிலேயே பேசி வையுங்கள். உமியை நெல் அவிக்க எரிக்கலாம், செங்கல் சூளைக்குக் கொடுக்கலாம். அதற்கு வழி செய்யாதவரின் ஆலை முற்றம் ஒரு மாதத்தில் உமி மலையாகி, நெல் மூட்டை இறக்க இடமில்லாமல் போகும்.

ஆகவே கடன் விண்ணப்பத்தில் கையொப்பமிடுமுன் ஒரு தாளில் நான்கு வரி எழுதுங்கள். நாளொன்றுக்கு எவ்வளவு உள்ளே வரும்? எந்தக் கட்டம் மிகக் குறைவாகச் செய்யும்? எத்தனை லொறி எப்போது ஏற்றிப் போகும்? விழும் ஒவ்வொரு பொருளையும் வாங்குபவர் யார்? நான்கு விடைகளிலும் மிகச் சிறிய எண் எதுவோ, அதுதான் உங்கள் ஆலையின் உண்மையான அளவு. முதல் ரூபாயை அந்த இடத்தில் போடுங்கள்.