கியர் பெட்டியில் எண்ணெய்க் கசிவா? முதலில் பிளக்கைப் பாருங்கள்!

கடையில் நல்லெண்ணெய் டின் ஒழுகினால் டின்னையே தூக்கி எறிந்துவிடுவதில்லை. திருப்பிப் பார்த்து, மூடியிலா, அடியிலா, பற்றவைத்த ஓரத்திலா என்று கண்டுபிடித்த பிறகே அடுத்த வேலை. ஆனால் காரின் அடியில் எண்ணெய் சொட்டினால் மட்டும், "கியர் பெட்டியை இறக்க வேண்டும்" என்ற சொல்லைக் கேட்டதுமே நாம் பணத்துக்கு வழி தேட ஆரம்பித்துவிடுகிறோம்.

பழைய பென்ஸ் காரைச் சகாய விலைக்கு வாங்கி ஓட்டும் வணிக நண்பர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

1996-ஆம் ஆண்டையொட்டி மெர்சிடிஸ் நிறுவனம் 722.6 என்ற ஐந்து வேக ஆட்டோமேட்டிக் கியர் பெட்டியைக் கொண்டுவந்தது. பின்னர் கிரைஸ்லர், ஜீப் வண்டிகள் சிலவற்றிலும் இது இடம்பெற்றது. கியர் மாற்றும் நேரத்தை இதில் ஒரு கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. அதன் ஒயர்கள் 13 முனைகள் கொண்ட வட்டமான பிளக் வழியாகப் பெட்டிக்குள் நுழைகின்றன. அந்த இடத்திலுள்ள பிளாஸ்டிக் குழலில் இரண்டு ரப்பர் வளையங்கள் உண்டு. வருடக்கணக்கில் சூடுபட்டு இவை இறுகிப்போகும்போதுதான் கசிவு தொடங்குகிறது.

வெளிவளையம் கெட்டால் எண்ணெய் கீழே சொட்டும். அடித்தட்டின் கேஸ்கெட் போய்விட்டது என்று பலர் ஏமாறுவது இதனால்தான். உள்வளையம் கெட்டால் தரையில் ஒரு துளிகூடத் தெரியாமல் போகலாம். விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சி ஏற்றுவதைப் போல, ஒயர்களின் உள்ளிழைகள் எண்ணெயை மேலே ஏற்றிக் கம்ப்யூட்டர் வரை கொண்டு சேர்த்துவிடும். பிறகு கியர் மாறாது; வண்டியை நிறுத்தி எடுத்தால் இரண்டாவது கியரிலேயே ஊர்ந்து செல்லும். பெட்டியே போய்விட்டது என்று முடிவு கட்டுவது இந்தக் கட்டத்தில்தான்!

பழுது பார்ப்பது பெரிய வேலையல்ல. பெட்டியை இறக்கவே தேவையில்லை. எஞ்சினை நிறுத்தி, சூடு ஆறியபின், வலப்பக்கத் தகட்டை அகற்றி, பிளக்கின் கழுத்தை இடப்பக்கமாகத் திருகினால் கழன்றுவரும். குழலைப் பிடித்திருப்பது ஒரே ஒரு சிறிய போல்ட். அதற்கு 7 மில்லிமீட்டர் ஸ்பேனர் போதும். பழைய குழலை எடுத்து, முனைகளைக் காண்டாக்ட் கிளீனரால் துடைத்து, வளையங்களோடு கூடிய புதிய குழலைப் பொருத்த வேண்டும். பழைய குழலின் மேல் பசை பூசி ஒப்பேற்றும் வேலைக்கு இடம் கொடுக்காதீர்கள்.

கம்ப்யூட்டரின் பிளக்கையும் கழற்றித் துடைக்கச் சொல்லுங்கள். ஒயருக்குள் தங்கிய எண்ணெய் பின்னும் சில நாட்கள் கசியும் என்பதால், இதை இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டிவரும்.

குறைந்த எண்ணெயை நிரப்புவதில்தான் பலர் தவறுகிறார்கள். இந்தக் கார்களில் பார்ப்பதற்கு அளவுகோல் வைத்திருப்பதில்லை. குழாயின் வாய் பூட்டப்பட்டிருக்கும். பட்டறையில் உள்ள தனி அளவுகோலால், எஞ்சின் ஓடும்போது, எண்ணெய் 80 டிகிரி சூட்டில் இருக்கையில் அளக்க வேண்டும். கண்மதிப்பில் ஊற்றினால் கூடினாலும் கெடுதல், குறைந்தாலும் கெடுதல்.

இத்தகைய காரை இனிமேல் வாங்கப்போகிறவர்கள், விலை பேசுவதற்கு முன்பே கம்ப்யூட்டர் பிளக்கைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். அங்கே எண்ணெய்ப் பசை இருந்தால், பேரம் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை வணிகர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.