வெயிலுக்கு வாடாத அடும்பு

நாள்தோறும் நீர் பெற்றுப் பழகிய பூஞ்செடிகள், இரண்டு நாள் நீர் தவறினால் துவண்டு விடுகின்றன. 1998-ஆம் ஆண்டில் கிள்ளான் பள்ளத்தாக்கில் நீர்ப் பங்கீடு பல மாதங்கள் நீடித்தது. குடிநீரே அரிதாகிய அத்தகைய நாள்களில் செடிக்கு ஊற்ற நீருக்கு எங்கே போவது? நீர் குறைந்த காலத்திலும் மலரும் காட்டுக்கொடி ஒன்று நம் நாட்டுக் கடற்கரைகளிலேயே உண்டு. அதன் பெயர் அடும்பு.

கிளந்தான், திரெங்கானு மணற்கரைகளில் இது தானே படர்ந்து வளர்கிறது. தமிழகத்து நெய்தல் நிலத்திற்கும் இஃது உரியதே. இதன் இலை நுனியில் பிளவுபட்டிருக்கும். மலாய் மக்கள் அதனைக் குதிரையின் காலடியாகக் கண்டு ‘தாப்பாக் கூடா’ என்றனர். செடிநூலார் இலத்தீன் மொழியில் ஆட்டின் அடி என்று பெயரிட்டனர். குறுந்தொகைப் புலவர் ஒருவரோ மானின் அடியைக் கண்டார். இலை ஒன்று, உவமை மூன்று!

இக்கொடி வறட்சியைத் தாங்குவது எவ்வாறு? இதன் வேர் மணலுள் ஆழமாக இறங்கி ஈரத்தைத் தேடும். தடித்த இலை நீரை எளிதில் இழப்பதில்லை. தண்டு படரப் படரக் கணுதோறும் வேர்விடும். ஆதலின், ஓரிடத்தில் ஈரம் வற்றினும் மற்றோரிடத்து வேர் கொடியைக் காக்கும். ஊதா கலந்த இளஞ்சிவப்பு மலர் காலையில் விரிந்து அன்றே வாடும். மறுநாள் புதுமலர் தோன்றும்.

வளர்க்கும் முறை:

1. நல்ல வெயில் படும், நீர் தேங்காத இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். களிமண்ணாயின் மணலை மிகுதியாகக் கலந்து மேடாக்குக.

2. விதையின் தோல் மிகக் கடினமானது. உப்புத்தாளில் ஒரு பக்கத்தைச் சிறிது தேய்த்து, ஓர் இரவு நீரில் ஊறவைத்து நடுக.

3. தண்டை நடுவதாயின், மூன்று நான்கு கணுக்கள் உள்ள துண்டை வெட்டி, இரண்டு கணுக்கள் மண்ணுள் இருக்குமாறு நடுக.

4. வேர் பிடிக்கும் வரை நீர் ஊற்றுக. பின்னர் மிகுந்த நீரே கேடாகும்.

5. அயற்பாத்திகளில் படரும் கொடியை அவ்வப்போது வெட்டிவிடுக. விதையை வாயில் இடலாகாது.

ஒன்றை மறவாதீர்கள். கடற்கரைக்கு உல்லாசப் பயணம் செல்லும்போது இக்கொடியை வேரோடு பிடுங்காதீர்கள். காற்றிலும் அலையிலும் மணல் அரித்துச் செல்லாமல் பிடித்து வைப்பது இதுவே. தோட்டத்தில் வளர்ப்பவரிடம் ஒரு துண்டு கேட்டுப் பெறுங்கள். கரையைக் காக்கும் கொடியைக் கரையிலேயே விட்டு, அதன் கிளையை நம் வீட்டு முற்றத்தில் வளர்ப்போமாக!