மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்

1990ஆம் ஆண்டு தொடங்கிய பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்திற் பெற்றோல் கிடைத்தற்கரிதாயிற்று. அக்காலத்தே கோப்பாய் வீதிகளில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடியதைச் சிறுவனாயிருந்த யானும் கண்டேன். அஃது எங்ஙனம் இயன்றது என்பதை மாணவர்பொருட்டு ஈண்டு விளக்குவாம்.

இயந்திரத்தினுள் எரிவது காற்றோடு கலந்த எண்ணெய் ஆவியாகும். பெற்றோல் சூடேறாத நிலையிலும் எளிதில் ஆவியாகும். மண்ணெண்ணெய்க்கோ வெப்பம் வேண்டும். ஆதலின் முதலிற் சில துளி பெற்றோல் விட்டு உதைத்து இயக்குவர். இயந்திரம் சூடேறிய பின்னர் மண்ணெண்ணெயே போதும்.

எனினும் கரும்புகை எழும்; பிளக்கிற் கரி படியும்; இயந்திரத்தின் ஆயுளுங் குறையும். இவற்றையெல்லாம் பொறுத்தே நோயாளரையும் வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றனர். பாடநூலிற் படிக்கும் ஆவியாதல் அன்று ஊரவர்க்குக் கைகொடுத்தமையை மாணவர் மனத்திற் கொள்வாராக.